வாழைப்பழத்தின் மேல் போட்ட பழி

டார்லா படகில் ஏறி உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கியதுதான்.

"அடிப் பாவி! என் படகுலயா?" என்று லவெர்ன் போட்ட சத்தத்தில், பக்கத்துச் சரிவில் படகு இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டார்லாவின் கையில் இருப்பதைக் கண்டதும் அதில் ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"என்ன மிஸ் லவெர்ன், காலைல சாப்பிடக் கூடாதா?"

"ரொட்டி தின்னு, முட்டை தின்னு, வேணும்னா என்னையே தின்னு. வாழைப்பழம் ஏறின படகுல மீன் ஏறாது. உங்கப்பன் பத்தொன்பது வருஷமா வர்றானே, இதைக்கூடவா சொல்லித் தரல?"

"சொல்லித் தர்றதுக்கு அவருக்குக் குரல் எங்க இருக்கு?"

நடு இருக்கையில் இருந்த அவள் அப்பா ஹோயட் தோள் குலுங்கச் சிரித்தான். சத்தம் வரவில்லை. நவம்பரில் டாக்டர்கள் தொண்டையில் கத்தி வைத்ததிலிருந்து அவனுக்கு மூச்சுதான் பேச்சு; காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. லவெர்ன் பழத்தைப் பிடுங்கிக் கரையிலிருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்து வீசினாள். அது தொட்டிக்கு இரண்டு முழம் தள்ளிப் போய் விழுந்தது. ஹோயட் மெல்ல இறங்கிப்போய் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

ஹோயட் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு மார்ச்சிலும், பைன் மரங்களுக்கு நடுவே டாக்வுட் மரங்கள் வெள்ளையாய்ப் பூக்கும் வாரத்தில், ஏரியில் மீன் காட்டிப் பிழைக்கும் லவெர்னின் படகில் இரண்டு நாள். பாஸ் மீன்கள் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து கூடு கட்டும் நாட்கள் அவை. மற்ற மாதங்களில் மீன் எங்கே என்று படகிலுள்ள மீன்காட்டிக் கருவியின் திரையைப் பார்த்துச் சொல்ல எந்த முட்டாளாலும் முடியும். இந்த மூன்று வாரம் மட்டும் கண் வேண்டும். தண்ணீருக்கடியில் வாலால் விசிறிச் சுத்தம் செய்த வெளுத்த வட்டம், அதன் நடுவே காவல் நிற்கும் கறுத்த நிழல்: அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறவளுக்குத்தான் ஆட்கள் முந்தைய வருடமே தேதி சொல்லி வைக்கிறார்கள். இந்த ஏரியில் அந்தக் கண் லவெர்னுடையது என்று இருபத்தாறு வருடமாகப் பேச்சு.

அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது.

வலது கண்ணில் நடுவே ஒரு மச்சம் போல் விழுந்தது போன வருடத்துக்கு முந்தைய வருடம். இப்போது அது ஒரு தட்டு அளவு. இடது கண்ணும் அதே வழியில் போகிறது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறைந்துபோகும்; பக்கத்தில் இருப்பது தெரியும். ஒருவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் காதைப் பார்க்க வேண்டும். நகரத்துக் கண் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று ஜனவரியில் சொல்லிவிட்டார். படகைப் பற்றி அவர் கேட்கவில்லை. லவெர்னும் வாயைத் திறக்கவில்லை. இந்த வசந்தம் மட்டும், அப்புறம் விட்டுவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். போன வசந்தத்திலும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் யார்? ஏரிக்கரையில் தனியாக இருக்கிற அறுபத்தொரு வயதுக்காரி, அவ்வளவுதான்.

இத்தனை நாள் மாட்டிக்கொள்ளாமல் இருந்ததற்கு அவள் சாமர்த்தியம் பாதிதான் காரணம். மீதிப் பாதி ஆட்களுடைய வெட்கம். மீன்கள் வருடா வருடம் அதே குடாக்களில், அதே மரவேர்களுக்குப் பக்கத்தில்தான் கூடு போடும். அது அவளுக்கு மனப்பாடம். கையை நீட்டி, "அதோ பாரு, வெள்ளையா ஒரு வட்டம், நடுவுல கறுப்பு, தெரியுதா?" என்பாள். சொந்தப் படகு வைத்திருக்கிறவன், தண்ணீருக்குள் பார்க்க விலை உயர்ந்த கண்ணாடி போட்டிருக்கிறவன், எவன்தான் தெரியவில்லை என்று சொல்வான்? "ஆமா ஆமா, பெரிசா இருக்கே!" என்பான். தூண்டிலைப் போடுவான். பத்தில் ஆறு தடவை அங்கே மீன் இருக்கும். மிச்ச நாலு தடவை, "இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்குதே" என்று இவள் சலித்துக்கொள்வாள், அவனும் சேர்ந்து சலித்துக்கொள்வான். பார்க்காத இரண்டு பேர் பார்த்ததாக ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டு ஒரு வியாபாரம் நடந்தது. நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

பனிமூட்டம் இருந்ததால் சர்ச் குடா வரைக்கும் படகை ஊர விட்டாள். பனி ஒரு நல்ல சாக்கு.

"இந்த வருஷந்தான் நிம்மதி," என்று டார்லாவிடம் சொன்னாள். "உங்கப்பன் வாய் இருந்தவரைக்கும் என் படகுல எஞ்சின் சத்தமே எனக்குக் கேட்டதில்ல. அங்க பாரு வாத்து, இங்க பாரு மொட்டை மரம்னு வழி பூரா தொணதொணப்பு. போன வருஷம் உச்சம். தண்ணில தூக்கிப் போட்டுடலாமான்னு இருந்துச்சு."

ஹோயட் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அவன் காதைப் பார்க்க மறந்துவிட்டாள்.

சர்ச் குடா என்று பெயர் வந்தது, அணை கட்டிய காலத்தில் முழுகிப்போன ஒரு தேவாலயத்தின் அடித்தளம் அங்கே கிடப்பதால். அதன் கல்படிகளுக்குப் பக்கத்தில் சரளை மண். கூடு போட அதைவிட நல்ல இடம் கிடையாது. லவெர்ன் முன்பக்கத்துச் சின்ன மின்மோட்டாரை இறக்கி, காலால் அழுத்தி, சத்தமில்லாமல் படகை ஓட்டினாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். ஓரக்கண்ணில் பட்டது: வெளுத்த வட்டம், நடுவே கறுப்பாய் ஒரு கோடு. அவளுக்கு உயிர் வந்தது.

"ஹோயட்! வேருக்கு இந்தப் பக்கம். நல்ல பெரிசு. தாயி மாதிரி இருக்கா."

ஹோயட் எழுந்து நின்று பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையாட்டிவிட்டு, ரப்பர்ப் பல்லி மாட்டிய தூண்டிலை எடுத்து, வட்டத்துக்கு அந்தப் பக்கம் போட்டு, மெல்ல நடுவுக்கு இழுத்து வந்து நிறுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டான். பல்லியை மாற்றிப் புழுவைப் போட்டான். வெள்ளை, கறுப்பு, பச்சை. பனி விலகி வெயில் வந்தது. முக்கால் மணி நேரம் அவன் கொஞ்சமும் அலுக்காமல் அதே ஒரு முழ இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தான். இவ்வளவு பொறுமைசாலியா இவன் என்று லவெர்னுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கிட்ட வருது, திரும்பிப் போயிடுது," என்றாள் அவள், வழக்கம்போல. ஹோயட் தலையாட்டினான்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்று டார்லா முன்னால் வந்தாள். அப்பாவின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு குனிந்தாள். "எங்க இருக்கு?"

"வெள்ளையா வட்டம் தெரியுதில்ல? அதுக்கு நடுவுல."

"வட்டம் தெரியுது. ஆனா அது... அது ஏதோ மூடி மாதிரி இல்ல? பிளாஸ்டிக் மூடி. மேல ஒரு குச்சி கிடக்கு."

ஹோயட் மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். அவள், "என்னப்பா? ஏன் கிள்றீங்க?" என்றாள்.

டார்லாவுக்கு மீன்பிடிப்பும் தெரியாது, மீன் பிடிக்கிறவர்களின் வெட்கமும் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் இந்தப் படகில் ஏறி, தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

லவெர்ன் நீளக் கழியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். கழி முனையில் கரகரவென்று பிளாஸ்டிக் உரசும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நெம்பித் தூக்கினாள். பாசி பிடித்த வாளி மூடி ஒன்று மேலே வந்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி மூழ்கியது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அந்த நாக்குதான் முந்திக்கொண்டது.

"பாத்தியா? சொன்னேன்ல! வாழைப்பழம் ஏத்தினா மீனும் மூடியாப் போயிடும்."

டார்லா சிரித்தாள். ஹோயட் சிரிக்கவில்லை. தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டு, வந்து நடு இருக்கையில், லவெர்னின் இடத்தை ஒட்டி உட்கார்ந்தான்.

வெட்கம் அவளுக்குள் கோபமாகத் திரும்பியது. யார் மேல் என்று தெரியாத கோபம். அணைப்பக்கத்து மேடுகளுக்குப் போய், இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் இந்தப் பெண் கையில் ஒரு பெரிய மீனைக் கொடுத்துப் படம் எடுத்துவிட வேண்டும்; அப்போதுதான் இந்த மூடிக் கதை வெறும் வேடிக்கைக் கதையாகவே போகும். ஓட்டும் இருக்கைக்கு வந்து, எஞ்சின் விசையோடு இணைந்த சுருள் சுருளான சிவப்புக் கயிற்றின் கொக்கியைத் தன் மிதவைச் சட்டையில் மாட்டினாள். ஓட்டுகிறவள் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும், அதற்குத்தான் அது. வேக விசையை முழுக்க முன்னால் தள்ளினாள். படகு மூக்கைத் தூக்கி, பிறகு தண்ணீர் மேல் படிந்து, பறந்தது.

முழுகிய காட்டுக்கு நடுவே மரங்களை வெட்டி விட்ட பாதை அது. இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள், அடையாளக் கம்பங்கள். ஓரங்களெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தன. ஓரங்கள் தெரிந்தால் பாதை தெரிந்த மாதிரிதான் என்று அவள் இரண்டு வருடமாக நம்பியிருந்தாள். ஹோயட் கையைத் தூக்கி முன்னால் காட்டினான். காற்றில் அவன் சட்டை படபடத்தது. எதைக் காட்டுகிறான் என்று அவள் நேராகப் பார்த்தாள். நேரே வெளிச்சமும் தண்ணீரும்தான் இருந்தன. அவன் அவள் தோளைத் தட்டினான். வாயைத் திறந்து ஏதோ சொன்னான். மூச்சு மட்டும் வந்து அவள் கன்னத்தில் பட்டது. "என்னய்யா?" என்று கத்தினாள் அவள், விசையைக் குறைக்காமல்.

ஹோயட் சிவப்புக் கயிற்றைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான்.

எஞ்சின் செத்தது. படகின் மூக்கு தண்ணீரில் குத்தி, மூவரும் முன்னால் சரிந்தார்கள். படகு தன் கனத்திலேயே இன்னும் கொஞ்ச தூரம் போய், தயங்கி நின்றது. அப்போதுதான் லவெர்ன் பக்கவாட்டில் திரும்பியதில், ஓரக்கண்ணில், பத்தடி தூரத்தில் ஒரு தட்டை அலுமினியப் படகு தெரிந்தது. பாதையோர மொட்டை மரத்தில் கட்டி, பாதைக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது. அதில் தொப்பி போட்ட ஒரு கிழவரும், ரோஸ் நிறச் சட்டை போட்ட ஒரு கிழவியும். பின்னால் துரத்தி வந்த அலை இரண்டு படகுகளையும் தூக்கிப் போட்டது. கிழவி இருக்கையோடு சரிந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இரை மீன் வாளி கவிழ்ந்து, குட்டி மீன்கள் படகுக்குள் துள்ளின.

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?" என்று கிழவர் கத்தினார். எழுந்து நின்றிருந்தார். "இவ்வளவு பெரிய படகு தெரியல? கண்ணு தெரியாதா?"

ஏரியில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான் அது. லவெர்னே நூறு பேரைக் கேட்டிருக்கிறாள்.

டார்லாதான் எழுந்து மன்னிப்புக் கேட்டாள், அடி ஏதும் பட்டதா என்று விசாரித்தாள். கிழவி ஒன்றும் இல்லை என்று கையசைத்தாள்; ஆனால் உட்கார்ந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கிழவர் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, திட்டிக்கொண்டே போய்விட்டார்.

டார்லா உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. சிரிக்க முயற்சி செய்தாள்.

"எல்லாம் என்னாலதான். அந்த வாழைப்பழத்தை நான் எடுத்துட்டு வந்திருக்கவே கூடாது."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். ஒரு தலையாட்டல் போதும். ஏரியிலுள்ள அத்தனை பேரும் ஒப்புக்கொள்கிற காரணம். நாளைக்குக் கரையில் இதைக் கதையாகச் சொல்லி எல்லோரும் சிரிக்கலாம். லவெர்ன் வாயைத் திறந்தாள். கிழவியின் ரோஸ் நிறச் சட்டை ஓரக்கண்ணிலேயே நின்றது, போகவில்லை.

"வாழைப்பழம் இல்ல," என்றாள். "எனக்குக் கண்ணு தெரியல. நேரா இருக்கறது தெரியல. ரெண்டு வருஷமா."

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. கூடவே, சொல்லக் கூடாத ஏதோ ஒரு நிம்மதியும் இருந்தது.

ஹோயட் அவள் பக்கம் சாய்ந்தான். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவன் மூச்சு நன்றாகக் கேட்டது.

"தெரியும். போன வருஷமே தெரியும்."

"எப்படி?"

"போன வருஷம் நீ காட்டின மீன். அது மீன் இல்ல. வெள்ளைக் கல்லு."

"நாலு மணி நேரம் போட்டியே! ரெண்டு நாளும் போட்டியே!"

"போட்டேன்."

லவெர்ன் யோசித்தாள். போன வருடத்துத் தொணதொணப்பு ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. இடது பக்கம் பாரு லவெர்ன், எவ்வளவு வாத்து. அந்த மொட்டை மரம் போன வருஷத்தைவிடப் பெருத்துட்டுது பாரு. அடடா, முன்னால ஒருத்தன் என்னமா தூங்கறான் படகுல. வழி பூரா. ஒரு நிமிடம் விடாமல். அவன் பேருந்து ஓட்டுவது போல இந்தப் படகை வாயாலேயே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இவள் அவனைத் தண்ணீரில் தள்ள நினைத்திருக்கிறாள்.

"தெரிஞ்சுமா ஏறினே? தெரிஞ்சுமா உன் பொண்ணை ஏத்தினே?" அவள் குரல் உடைந்தது. "அறிவிருக்கா உனக்கு?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். என் வாயால எப்படிச் சொல்றது? வேற எவனோடயாவது நீ போறதைவிட, நான் கூட இருந்தா..." மூச்சு தீர்ந்து நிறுத்தினான். மறுபடி இழுத்துக்கொண்டான். "குரல் போனதை நான் கணக்குல எடுத்துக்கல."

டார்லா குறுக்கிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள். அது கத்தியதைவிட மோசமாக இருந்தது.

"எனக்கு வீட்ல ரெண்டு குழந்தைங்க இருக்கு. உங்களுக்குத் தெரியும்பா. உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு, இந்தப் படகுல தெரியாதவ நான் ஒருத்திதான். அந்த வயசானவங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது ஆகியிருந்தா அவங்க வீட்ல யாரு போய்ச் சொல்றது? ஒருத்தர் மனசு நோகக் கூடாதுன்னு இப்படியா?"

காற்று படகை மெல்ல மரங்களின் பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

லவெர்ன் சட்டையில் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றினாள். விரல் இரண்டு தடவை வழுக்கியது. அதை ஹோயட்டின் மிதவைச் சட்டையில், நெஞ்சுக்குப் பக்கத்தில், தடவிப் பார்த்து மாட்டினாள். பிறகு எழுந்து அவனுக்கு இடம் விட்டாள். இருபத்தாறு வருடத்தில் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. நடு இருக்கையில் உட்கார்ந்ததும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹோயட் நடை வேகத்தில் ஓட்டினான். கரை வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழியில் யாரும் வாத்தைக் காட்டவில்லை.

கரையில் டார்லா அப்பாவுக்கு முன்னால் இறங்கிக் காருக்குப் போனாள். கதவைத் திறந்தாள், ஏறவில்லை. திரும்பி வந்தாள். லவெர்ன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்து, எதையோ தேடித் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் பேசணும்?"

"நாளன்னிக்கு வர்றவங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அப்புறம் மே மாசம் வரைக்கும் இருபத்தோரு பேரு. பேரு எல்லாம் ஞாபகம் இருக்கு கண்ணு, நம்பர்தான் தெரிய மாட்டேங்குது."

டார்லா கைப்பேசியை வாங்கினாள். கோபம் இன்னும் போகவில்லை. அது அவள் வாங்கிய விதத்தில் தெரிந்தது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பெயரைக் கேட்டு, தேடி எடுத்தாள்.

"எஞ்சின் கோளாறுன்னு சொல்லிடட்டுமா? இந்த வாரத்துக்கு மட்டும்?"

லவெர்ன் அவள் காதைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் தெரிந்தது. டார்லா அழுதிருந்தாள்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "போட்டுக் குடு. நானே சொல்றேன்."

மணி நாலு முறை அடித்தது. மறுமுனையில் எடுத்தவன் அவள் குரலைக் கேட்டதும் சந்தோஷமாக, "மீன் எல்லாம் தெரியுதா லவெர்ன்?" என்றான்.